பஞ்சத்தில் போனவர்களுக்கு ஒரு கல்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் உடுமலைப்பேட்டைப் பகுதி விவசாயி ஒருவர் பேசியது)



உரத்தைப் பற்றியோ பூச்சியைப் பற்றியோ பேசப் போகிறேன் என்று நினைத்துக் காது கொடுத்திருப்பீர்கள். இன்றைக்கு அது இல்லை. ஒரு பழைய கிணற்றைப் பற்றியும், தூர தேசத்து ஆற்றங்கரையில் நிற்கிற சில சிலைகளைப் பற்றியும் சொல்லப் போகிறேன். இது நமக்கு எதற்கு என்று பெட்டியை அணைத்துவிடாதீர்கள். பேச்சு முடிவதற்குள் உங்கள் வீட்டுச் சோள மொடாவுக்கு வந்துவிடுவேன்.

நம் பக்கத்தில் வயதானவர்கள் பஞ்சத்தைப் பஞ்சம் என்று சொல்ல மாட்டார்கள். கரிப்பு என்பார்கள். அதிலும் பெரிய கரிப்பு தாது வருஷத்துக் கரிப்பு. 1876-ஆம் வருஷம் சித்திரையில் பிறந்தது அந்தத் தாது. அறுபது வருஷச் சக்கரத்தில் அதே பெயர் 1936-லும் 1996-லும் திரும்பி வந்தது. 1996-ல் பஞ்சாங்கத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, ‘இந்த வருஷம் ரெண்டு மூட்டை கூடப் போட்டு வையுங்க’ என்று எங்கள் வீட்டில் ஒரு கிழவி சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர் அந்தக் கரிப்பைப் பார்த்தவர் அல்ல. அவருடைய அம்மிச்சி பார்த்தவர். எறும்புப் புற்றைக் கிளறி உள்ளே இருக்கிற தானியத்தைப் பொறுக்கிப் புடைத்து உலை வைத்தார்களாம். கற்றாழைக் கிழங்கை ஏழு தண்ணீர் மாற்றி வேக வைத்தார்களாம். புளியங்கொட்டையை இடித்துத் தின்றார்களாம். இதையெல்லாம் கதையாகச் சொன்னாலும், சோற்றுப் பருக்கை கீழே சிந்தினால் அவர் முகம் மாறிப்போகும்.

என்ன நடந்தது அப்போது? 1876-ல் ஐப்பசி மழை பொய்த்தது. அடுத்த வருஷம் ஆடிக் காற்று அடித்தது, மழையைக் கொண்டு வரவில்லை. பசிபிக் மகாசமுத்திரத்துத் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் பருவக்காற்று தடுமாறிப் போனது என்று விஞ்ஞானிகள் இப்போது சொல்கிறார்கள். எல் நினோ என்று பத்திரிகைகளில் படிக்கிறோமே, அதுதான். அதே வருஷங்களில் வட சீனாவிலும் பிரேசில் தேசத்தின் வடகிழக்குப் பக்கத்திலும் இதே பஞ்சம்.

அப்போது நம் உடுமலை தாலுகா கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அமராவதி அணை கிடையாது. அது 1957-ல் வந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் அதற்கும் பின்னால் 1960-களில் வந்தது. ஆற்றுப் பழைய வாய்க்கால் பாய்கிற கொஞ்ச நிலம் போக மற்றதெல்லாம் மானாவாரிச் சோளமும் கம்பும், கிணற்றடியில் கவலை இறைத்துக் கொஞ்சம் ராகியும்தான். தீவனம் இல்லாமல் மாடு சாய்ந்துவிட்டால் கிணற்றில் அரைத் தண்ணீர் கிடந்தும் பிரயோசனம் இல்லை. இறைக்க மாடு வேண்டுமே!

ஜனக்கணக்கைப் பாருங்கள். 1871-ல் கோயமுத்தூர் ஜில்லாவில் பதினேழரை லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து 1881-ல் எண்ணியபோது பதினாறரை லட்சம்தான். பத்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து எண்ணியும் ஒரு லட்சத்துக்கு மேல் குறைச்சல். பக்கத்துச் சேலம் ஜில்லாவில் இன்னும் மோசம். 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்தது 16 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. தென்னிந்தியா முழுக்கச் சேர்த்தால் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். இலங்கைத் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறியவர்கள் தனி.

மழை பொய்த்தால் பஞ்சம் வரும், இதில் என்ன புதுசு என்பீர்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு வருஷமும் ரங்கூனிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் சென்னைத் துறைமுகத்துக்கு அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. ரயில் வண்டியும் ஓடியது. அரிசி வந்தது, ஆனால் விலை ஏறி உட்கார்ந்துகொண்டது. சோளம் விளைந்தால்தான் சோளம் தின்கிறவனிடம் ஏது காசு? வேலை கொடுத்தால்தானே கூலி, விதைத்தால்தானே வேலை? அதே காலத்தில் இந்தியாவிலிருந்து சீமைக்குக் கோதுமை ஏற்றுமதியும் நடந்துகொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்னார்கள். வைஸ்ராய் லிட்டன் பிரபு நிறுத்தவில்லை. வியாபாரத்தில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா மகாராணிக்குச் சக்கரவர்த்தினி பட்டம் சூட்டிப் பெரிய தர்பார் வேறு நடத்தினார்.

நிவாரண வேலை என்று ரோடு போடவும் குளம் வெட்டவும் வைத்தார்கள். சர் ரிச்சர்டு டெம்பிள் என்று ஓர் அதிகாரி வந்து, அந்த வேலைக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்துவிட்டார். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். வெயிலில் நின்று மண் வெட்டுகிறவனுக்கு! மண்வெட்டி பிடித்த உங்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் என்பவர், இந்தப் படியில் ஆள் சாவான் என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் கூட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் போனவர்கள் போனவர்கள்தான்.

இத்தனை பேர் செத்தார்களே, அவர்களுக்கு எங்கே கல் வைத்தோம்? சென்னையில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. அதில் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற எட்டு கிலோமீட்டர் துண்டு 1877, 78-ல் பஞ்ச வேலையாக வெட்டியது. இப்போது அதில் சாக்கடை ஓடுகிறது. அதற்கும் முந்தி ஹைதர் அலி சண்டைக் காலத்துப் பஞ்சத்தில், 1782-ல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் அதைக் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். நம் உடுமலைப் பக்கம் நானும் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் நின்று பார்த்திருக்கிறேன். புலியைக் குத்தினவனுக்குக் கல் உண்டு. சண்டையில் விழுந்தவனுக்குக் கல் உண்டு. புருஷனோடு தீயில் இறங்கினவளுக்குக் கல் உண்டு. கரிப்பில் செத்தவனுக்கு ஒரு கல்கூட என் கண்ணில் படவில்லை. பசியில் செத்ததை வீரம் என்று சொல்ல முடியாது, அதனால் நடவில்லை போலிருக்கிறது.

ஆனால் தமிழ்நாட்டில் ஓர் இடத்தில் பஞ்சத்தில் செத்த ஒரு தாய்க்குக் கோயிலே இருக்கிறது. நல்லதங்காள் கோயில். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரம் என்ற ஊர். சில வருஷத்துக்கு முன்னால், சதுரகிரி மலைக்குப் போகிற ஒரு கூட்டத்தோடு நானும் போனபோது, மலை ஏறாமல் கீழேயே நின்று இதைப் பார்த்துவிட்டு வந்தேன். முழங்கால் வலியும் ஒரு காரணம்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பழனி, திண்டுக்கல், மதுரை என்று போய், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற பஸ்ஸில் ஏறிக் கிருஷ்ணன்கோவிலில் இறங்க வேண்டும். அங்கிருந்து மேற்கே மலையைப் பார்த்துத் திரும்பினால் வத்திராயிருப்பு. பஸ் உண்டு. போகிற வழியெல்லாம் எனக்கு நம் ஊருக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. நமக்குத் தெற்கே தெரிகிற அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான் அங்கே மேற்கே நிற்கிறது. நெல் வயல், தென்னந்தோப்பு, மாந்தோப்பு. மேலே பிளவக்கல் அணை. பச்சை என்றால் பச்சை. பஞ்சத்தில் செத்தவளைப் பார்க்க வந்த இடம் இதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கதை உங்களுக்குத் தெரியும். பெரிய எழுத்துப் புத்தகமாக வந்தது, தெருக்கூத்திலும் நாடகத்திலும் ஆடியது. இருந்தாலும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இடத்துக்கு இடம் கதை கொஞ்சம் மாறும். அர்ச்சுனாபுரத்தில் பிறந்தவள் நல்லதங்காள். வாழ்க்கைப்பட்ட இடம் மானாமதுரை. பிள்ளைகள் ஏழு. அங்கே பன்னிரண்டு வருஷம் மழை இல்லை. பசி தாங்காமல் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு நடந்து வருகிறாள். இன்றைய சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வந்த நேரம் அண்ணன் வேட்டைக்குப் போய்விட்டான். அண்ணன் பெண்டாட்டி மூளி அலங்காரி தூரத்தில் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். அப்புறம் எரியாத ஈர விறகும் ஓட்டைச் சட்டியும் உளுத்த கேழ்வரகும் எடுத்துப் போடுகிறாள். எப்படியோ காய்ச்சிய கஞ்சியையும் தட்டி உடைத்துவிடுகிறாள். நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தாள்.

கோயில் பெரிசு ஒன்றும் இல்லை. கோபுரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க்கொள்ளலாம். அவள் விழுந்ததாகச் சொல்கிற கிணறு இருக்கிறது. நான் கிணற்றைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். விவசாயி கண்ணுக்கு எந்தக் கிணற்றைப் பார்த்தாலும் முதலில் ஊற்று எந்தப் பக்கம், எத்தனை அடி, எத்தனை ஏக்கர் பாயும் என்றுதான் ஓடும். எனக்கும் அப்படித்தான் ஓடியது. அப்புறம்தான் இது எந்தக் கிணறு என்று உறைத்தது.

பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார். உடுமலை என்றேன். ‘ஏன் அண்ணாச்சி, இந்த ஊர்ல பஞ்சமே இல்லையே, மலைத் தண்ணி எப்பவும் உண்டு. பஞ்சம் எல்லாம் அந்தம்மா ஊர்லதான். இங்க வந்துதான் செத்துது’ என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பேச்சு என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள். மழை இல்லாத மானாமதுரையில் நல்லதங்காள் சாகவில்லை. அங்கே பசியோடு இருந்தாள், ஆனால் உயிரோடு இருந்தாள். நெல் விளைகிற ஊருக்கு வந்து, குதிரில் தானியம் இருக்கிற வீட்டு வாசலில் நின்ற பிறகுதான் செத்தாள். அவளைக் கொன்றது மழையா, கதவா? சென்னைக் கடற்கரையில் அரிசி இறங்கிக்கொண்டிருக்கும்போதே கோயமுத்தூரிலும் சேலத்திலும் ஜனங்கள் செத்ததும் இதே கதைதான். கணக்குப் புத்தகம் போட்டவர்களுக்கு ரொம்ப முந்தியே நம் ஜனங்கள் அதைக் கதையாகக் கட்டிக் கோயிலும் கட்டி வைத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு அந்தக் கதையில் பிடிக்கவில்லை. பழி முழுவதையும் மூளி அலங்காரி என்ற ஒரு பெண்பிள்ளையின் தலையில் கட்டிவிட்டார்கள். நாத்தனாரும் அண்ணன் பெண்டாட்டியும் சண்டை என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சுலபமாகப் போய்விடுகிறது. அர்ச்சுனாபுரத்தில் அந்த ஒரு வீடுதானா இருந்தது? மற்ற வீடுகளில் அடுப்பு எரியவில்லையா? கதை சொல்கிறவர்கள் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி அந்தத் தூர தேசத்துச் சிலைகளுக்கு வருகிறேன். என் மகள் அயர்லாந்து தேசத்தில் டப்ளின் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது நானும் என் சம்சாரமும் போய் மூன்று வாரம் இருந்தோம். குளிர் பொறுக்கவில்லை, வேறு குறையில்லை. ஒரு நாள் லிஃபி என்ற ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள். சுங்கச் சாவடித் துறை என்று பெயர். அங்கே பாதையிலேயே சிலைகள் நிற்கின்றன. 1997-ல் வைத்தது. ரோவன் கில்லெஸ்பி என்ற சிற்பி வெண்கலத்தில் செய்தவை.

நம் ஊரில் சிலை என்றால் பீடம் கட்டி, மேலே ஏற்றி, கம்பி வேலி போட்டு, மாலை போட ஏணி வைத்திருப்போம். அங்கே பீடமே இல்லை. நாம் நடக்கிற தரையிலேயே ஆறு பேர் நிற்கிறார்கள். ஆணும் பெண்ணுமாக, எலும்பும் தோலுமாக, கந்தல் துணியோடு, கப்பல் துறையைப் பார்த்து நடக்கிறார்கள். ஒருத்தி மூட்டையை மார்போடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். ஒருவன் துவண்டுபோன ஓர் உடம்பைத் தோளில் போட்டிருக்கிறான். பின்னால் ஒரு நாய் வருகிறது, அதுவும் எலும்பும் தோலும்தான். என் சம்சாரம் அந்த மூட்டைக்காரியின் பக்கத்தில் போய் நின்று கையைத் தொட்டுப் பார்த்தாள். ‘ஏனுங்க, இவளும் பிள்ளைகளைக் கூட்டிட்டு அண்ணன் வீட்டுக்குத்தான் போறாளா?’ என்று கேட்டாள். அண்ணன் வீட்டுக்கு அல்ல, அமெரிக்காவுக்கு என்றேன். 1846 மார்ச் மாதம் அந்தத் துறையிலிருந்துதான் பஞ்சக் குடிகளை ஏற்றிக்கொண்டு பெர்சிவரன்ஸ் என்ற கப்பல் நியூயார்க்குக்குப் போனது.

அந்தப் பஞ்சம் விவசாயிகளாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டிய பஞ்சம். அயர்லாந்தில் நல்ல நிலமெல்லாம் ஜமீன்தார்கள் கையில். ஏழைக் குடியானவனுக்குக் குத்தகைக்குக் கிடைத்தது துண்டு நிலம். அந்தத் துண்டில் குடும்பம் முழுக்கச் சாப்பிடுகிற அளவு விளையக் கூடியது உருளைக்கிழங்கு ஒன்றுதான். வேலை செய்கிற ஓர் ஆள் நாளைக்கு நாலைந்து கிலோ கிழங்கு தின்பானாம். அதிலும் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே ரகம். விளைச்சல் நன்றாக வரும், விதைக்கிழங்கைத் துண்டு போட்டு வருஷா வருஷம் நட்டுக்கொள்ளலாம். 1845-ல் இலைக் கருகல் நோய் வந்தது. நீலகிரியில் கிழங்கு போடுகிறவர்கள் இந்த நோயை நன்றாக அறிவார்கள், குளிரும் மூட்டமும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் காடு கருகிவிடும். அதே நோய்தான். ஒரே ரகம் என்பதால் ஒன்றுகூடத் தப்பவில்லை. 1846-ல் விளைச்சல் அடியோடு போனது.

1841-ல் அந்தத் தேசத்து ஜனத்தொகை 81 லட்சத்து 75 ஆயிரம். 1851-ல் 65 லட்சத்து 50 ஆயிரம். பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். அந்த வருஷங்களிலும் ஓட்ஸ் தானியமும் வெண்ணெயும் மாடுகளும் அயர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தன. இந்த இடத்தை நான் முன்னமே சொன்ன மாதிரி இருக்கிறது அல்லவா? தேசம்தான் வேறு, கதவு ஒன்றுதான்.

கதவு திறந்தவர்களும் உண்டு. நம் கல்கத்தாவிலிருந்து அப்போது பணம் வசூலித்து அனுப்பியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சாக்டா என்ற பூர்வ குடிகள் 1847-ல் 170 டாலர் சேர்த்து அனுப்பினார்கள். அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து துரத்தி, வழியெல்லாம் ஆயிரக்கணக்கில் சாகவிட்டுப் பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. பசி என்னவென்று தெரிந்தவர்கள் கொடுத்த பணம் அது. அதற்கு நன்றியாக அயர்லாந்தில் மிடில்டன் என்ற ஊரில் துருப்பிடிக்காத எஃகில் ஒன்பது கழுகு இறகுகளைச் செய்து, வட்டமாகக் குழித்து, வெறும் கஞ்சிக் கலயம் மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். 2017-ல் திறந்துவைத்தார்கள். எனக்கு நேரில் போக நேரமில்லை, மகள் படத்தைக் காட்டினாள்.

இதையெல்லாம் ஊரில் வந்து சொன்னபோது என் மச்சான் ஒருவர் சிரித்தார். ‘ஏனுங்க மாப்ளே, ரேஷன்ல அரிசி சும்மா போடற காலத்துல செத்த கதையை எதுக்குக் கிளறிட்டு இருக்கறீங்க? நல்லதங்காள் கதையை வீட்டுல படிச்சாலே ஆகாதும்பாங்க’ என்றார். ரேஷன் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அண்ணன் பெண்டாட்டி மனசு வைத்தால்தான் கஞ்சி என்கிற நிலை போய், கார்டைக் காட்டினால் அரிசி என்று ஆனது சின்ன விஷயம் இல்லை. தாதுக் கரிப்பில் செத்தவர்களுக்கு வைத்த கல் எது என்று கேட்டால் ரேஷன் கடையைக் காட்டலாம். ஆனால் கார்டு இல்லாதவன் வந்து நின்றால்?

வந்து நின்றார்கள். 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டபோது திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளும் நூல் மில்களும் ஒரே நாளில் நின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்தவர்களுக்கு ரயில் இல்லை, கூலி இல்லை. அவர்களுடைய ரேஷன் கார்டு அவர்கள் ஊரில். எந்த மாநிலத்துக் கார்டுக்கும் இங்கே அரிசி வாங்கலாம் என்ற திட்டம் நம் மாநிலத்தில் அந்த வருஷம் அக்டோபரில்தான் வந்தது. இடையில் ஆறு மாதம்.

எங்கள் காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேங்காய் நார் ஆலை. அங்கே வேலை செய்த பீகார்க் குடும்பம் ஒன்று ஏப்ரல் மாதம் ஒரு நாள் காலையில் எங்கள் வாசலுக்கு வந்தது. புருஷன், பெண்டாட்டி, மூன்று குழந்தைகள். பாஷை தெரியாது. அந்தப் பெண் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள், அவ்வளவுதான். அந்த மாதம் எங்களுக்கும் கையில் காசு இல்லை. தக்காளி விலை போகாமல் காட்டிலேயே அழுகியது. அரிசியும் அடுத்த ரேஷன் வரைக்கும் கணக்காகத்தான் இருந்தது. என் சம்சாரம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மொடாவிலிருந்து இரண்டு வள்ளம் சோளம் அளந்து கொண்டுவந்து கொட்டினாள். இதைத் தின்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். நம் மில்லிலேயே அரைத்துக்கொண்டு போய் ரொட்டி தட்டிச் சுட்டார்கள். மறுநாள் அந்தப் பெண் இரண்டு ரொட்டி கொண்டுவந்து என் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டுப் போனாள். ஜூன் மாதம் ரயில் ஏறும் வரைக்கும் எங்கள் ஊரில் நாலைந்து வீடுகளிலிருந்து அப்படிப் போயிற்று.

மொடாவில் சோளம் இருந்ததால் கொடுத்தோம். எங்களிடம் இருந்தது தற்செயல் என்றே சொல்ல வேண்டும். மாட்டுத் தட்டுக்காக முக்கால் ஏக்கர் போட்டிருந்தோம், கதிரை விற்காமல் வைத்திருந்தோம். ஊரில் எத்தனை வீட்டில் மொடா இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்? பத்து ஏக்கர் தென்னை வைத்திருக்கிறவர் மளிகைக் கடையில் ஐந்து கிலோ அரிசி வாங்கிக்கொண்டு போகிறார். மக்காச்சோளம் போடுகிறோம், அது கோழிக்குப் போகிறது. 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளக் காட்டைச் சல்லடை ஆக்கியது நினைவிருக்கும். ஒரே பயிர், ஒரே ரகம் என்று ஊரெல்லாம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. நாம் மக்காச்சோளத்தைத் தின்னுகிறவர்கள் இல்லை என்பதால் பணம் போனது, உயிர் போகவில்லை.

தென்னையை வெட்டச் சொல்லவில்லை. மக்காச்சோளத்தை விடச் சொல்லவும் இல்லை, அதில் வருகிற காசு எனக்கும் தேவைதான். ஓரத்தில் அரை ஏக்கராவது சோளமோ கம்போ போடுங்கள். புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாகவே வரும். தட்டு மாட்டுக்கு ஆகும், கதிர் வீட்டுக்கு ஆகும். பழைய இருங்குச் சோளம், மஞ்சச் சோளம் விதை யார் வீட்டிலாவது இருந்தால் கைப்பிடி வாங்கி ஊடே ஒரு வரிசை போட்டுப் பெருக்குங்கள். விற்கிற அவசரத்தில் விதை வரைக்கும் விற்றுவிடாதீர்கள்.

இனி சேமிப்பு. களத்திலிருந்து நேரே மூட்டை கட்டக் கூடாது. நன்றாகக் காய வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் பூசணமும் பிடிக்கும், வண்டும் வரும். மீட்டர் இல்லாதவர்கள் ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். டக் என்று உடைந்தால் சரி, நசுங்கினால் இன்னும் இரண்டு வெயில் வேண்டும். விதைக்கு எடுத்து வைப்பதை மட்டும் உச்சி வெயிலில் போடாதீர்கள். காலையிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும், மறுபடி மூன்று மணிக்கு மேலும் காயப் போடுங்கள். முளைப்பு கெடாது.

மொடா, குதிர் இருந்தால் வெயிலில் காயவைத்துத் துடைத்து, சாணம் மெழுகிக் காய்ந்த பிறகு கொட்டுங்கள். தானியத்தின் ஊடே நிழலில் காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ போடுங்கள், பச்சை இலை வேண்டாம், ஈரம் சேர்ந்துவிடும். சாக்கு என்றால் பழைய சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள். தரையில் அடுக்காமல் பலகை மேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி வையுங்கள். தட்டைப்பயறு, துவரை போன்றவற்றை முழுசாக வைத்தால் வண்டு சீக்கிரம் துளைக்கும். உடைத்துப் பருப்பாக வைத்தால் நாள் தாங்கும். விதைக்கு வைக்கிற பயறுக்கு ஊக்குவித்த களிமண் என்று ஒரு தூள், நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கலக்க வேண்டும். வேளாண் அலுவலகத்தில் விசாரியுங்கள். அது கிடைக்காவிட்டால் நம் பாட்டிமார் செய்த மாதிரி செம்மண் கட்டிக் காயவைத்தாலும் ஒரு பட்டம் தாங்கும்.

எவ்வளவு வைப்பது என்று கேட்பீர்கள். வீட்டுக்கு ஆகிறது போக ஒரு மூட்டை கூட. அந்த ஒரு மூட்டையை உங்களுக்கு என்று கணக்கில் எழுதாதீர்கள். மூட்டையின் மேல் வருஷத்தைக் கரியால் எழுதிவிடுங்கள். புதுசு வந்ததும் பழையதை எடுத்து மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிட்டுப் புதுசை அதே இடத்தில் வையுங்கள். ஆடி மாதம் ஒரு தரம் பிரித்துக் கையை விட்டுப் பாருங்கள், சூடு தட்டினால் உடனே வெயிலில் கொட்டிவிடுங்கள்.